புறக்கோள்: எந்தப் புறம்?

எக்ஸோபிளானெட் என்பதைத் தமிழில் புறக்கோள் என்கிறோம். சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றுகிற கோள், அவ்வளவுதான் பொருள். சிக்கல் எங்கே என்றால், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் சூரியக் குடும்பத்தின் வெளிப்பக்கம் இருப்பதால் அவற்றையும் சிலர் புறக்கோள்கள் என்றே எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துப் பழகியவர் "6,000-க்கும் மேற்பட்ட புறக்கோள்கள்" என்று ஒரு செய்தியைப் பார்த்தால் குழம்பாமல் என்ன செய்வார்?

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். எக்ஸோ என்றால் கிரேக்கத்தில் 'வெளியே'. பிளானெட்டும் கிரேக்க வழிதான், அலைகிறவன் என்று பொருள். மற்ற விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்க, இவை மட்டும் அவற்றுக்கிடையே திரிந்துகொண்டிருந்ததால் வந்த பெயர். கோள் வேறு வழியில் வந்தது. சுடு சூடானது போல, கெடு கேடானது போல, கொள் கோளானது. கொள்வது, பற்றுவது, பிடிப்பது. கிரகம் என்ற வடசொல்லும் பற்றுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்ததுதான். சங்க இலக்கியத்தில் இது கோண்மீன் என்று, நாண்மீனோடு (அதாவது நட்சத்திரத்தோடு) சேர்ந்து வருவதையும் பார்க்கலாம், அதாவது கோளும் அன்றைக்கு ஒருவகை விண்மீன்.

இந்தப் 'பிடி' என்ற பொருள் புறக்கோள்களுக்கு அசலாகப் பொருந்துவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பெரும்பாலான புறக்கோள்களை யாரும் நேரில் பார்த்ததில்லை. கோள் தன் ஈர்ப்பால் விண்மீனைப் பிடித்து இழுக்கிறது, விண்மீன் லேசாகத் தள்ளாடுகிறது, அந்தத் தள்ளாட்டம் அதன் ஒளியின் நிறமாலையில் தெரிகிறது. வியாழன் சூரியனை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது; பூமியால் முடிவது வெறும் 9 சென்டிமீட்டர். இன்னொரு வழி, கோள் குறுக்கே போகும்போது விண்மீன் மங்குவதை அளப்பது. அதிலும் வியாழன் அளவுள்ளது மறைத்தால் ஒரு சதவீதம் மங்கும், பூமி அளவுள்ளது மறைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆக இரண்டு வழியிலும் விண்மீன்தான் கோளைப் பற்றிக் கோள் சொல்கிறது! (புறம் பேசுவதும் கோள் சொல்வதும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.)

பெரியவை முதலில் மாட்டியதும் இதனால்தான். 1992-ல் ஒரு துடிப்பு விண்மீனை (சீராகத் துடிப்புகளை அனுப்பும் பல்சரை) சுற்றும் சிறிய கோள்கள் கிடைத்தது தனிக்கதை. சூரியனைப் போன்ற விண்மீனிடம் முதலில் உறுதியானது 1995-ல் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் அறிவித்த 51 பெகாசி பி. எடையில் வியாழனில் ஏறத்தாழ பாதி, ஆனால் அதன் ஓர் ஆண்டு நமக்கு நாலேகால் நாள்! புதனுக்கே 88 நாள் ஆகிறது. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு பெருங்கோள் இருக்கும் என்று அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் இந்த வகைக்கே 'ஹாட் ஜூப்பிட்டர்' என்ற பெயர் வந்தது, தமிழில் வெவ்வியாழன் என்றால் கச்சிதமாக இருக்கும். இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு வேடிக்கை: 2006-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு வகுத்த வரையறையின் முதல் நிபந்தனையே அது சூரியனைச் சுற்ற வேண்டும் என்பது. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் புறக்கோள் எதுவும் கோளே இல்லை. அதனால் புறக்கோள்களுக்கு வேறொரு வரையறை வைத்திருக்கிறார்கள், அதில் மேல் எல்லை சுமார் 13 வியாழன்களின் எடை.

மாற்றுச் சொற்களையும் யோசித்துப் பார்த்தேன். வெளிக்கோள் என்றாலும் அதே குழப்பம்தான். அயற்கோள் கேட்க அழகு, ஆனால் அயல் என்றால் பக்கத்து வீடும் உண்டு, செவ்வாயும் உள்ளே வந்துவிடும். புறக்கோளே இருக்கட்டும், ஆனால் அதைப் பிற விண்மீன்களின் கோள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். வியாழன் முதலான நான்கையும் பெருங்கோள்கள் என்று சொன்னால் போதும், இடத்தை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்கிற பெயர். 51 பெகாசி பி பெருங்கோளும்தான் புறக்கோளும்தான். வியாழன் பெருங்கோள் மட்டும்.