கண்ணை இழந்த ஓநாய்ச் சிலந்தி

மேலூர்ப் பக்கம் இரவில் வயல்வரப்பில் போனால், டார்ச்சை நெற்றியை ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். புல்லுக்குள் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் மின்னும். பனித்துளி என்று கிட்டே போனால் ஓடும். அவை ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். இது வலை கட்டிக் காத்திருக்காது, ஓடிப்போய்ப் பிடிக்கும். நெல்லில் புகையான் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் ஜீவன். கீழே சின்னதாக நான்கு கண், அதன்மேல் முன்னோக்கிப் பெரிதாக இரண்டு, உச்சியில் இன்னும் இரண்டு. பெரிய கண்களுக்குள் ஒரு பளபளப்புப் படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால்தான் அந்த மினுக்கம்.

இதே குடும்பத்தில் கண்ணே இல்லாத ஒன்றும் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், எரிமலைக்குழம்பு ஓடி வடிந்த குகைகளில் மட்டும் வாழ்கிறது. 1973-இல் அதற்கு அடெலோகோசா அனாப்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கண் எப்படிப் போனது? வெளியே வாழும் சிலந்திக்குப் பிறவியிலேயே பார்வை மங்கினால் இரை கிடைக்காது, வம்சம் அதோடு நின்றுவிடும். கும்மிருட்டில் அது ஒரு குறையே இல்லை. அதனால் அடுத்த தலைமுறைக்கும் போகும், அப்படியே சேர்ந்துகொண்டு வரும். தவிர, கண்ணையும் அதன் நரம்பையும் வளர்க்கச் சத்து செலவாகும். இரை அரிதான இடத்தில் அது மிச்சமானால் லாபம். இரை நெருங்குவதைக் காலிலுள்ள மெல்லிய மயிர்கள் காற்றசைவிலேயே கண்டுகொள்ளும்.

சரி, மதுரை அருகே நம் கீழக்குயில்குடி சமணர் மலையில் இப்படி ஒன்று உருவாகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. கற்படுக்கை உள்ள நம் குகைகள் பெரும்பாலும் பாறை முன்துருத்திய நிழலிடங்கள். பகல் வெளிச்சம் உள்ளே வரும், கோடையில் காற்று காய்ந்துபோகும். கவாய்ச் சிலந்திக்கோ முழு இருட்டும் குறையாத ஈரமும் வேண்டும்.

பிள்ளை வளர்ப்பிலும் வித்தியாசம் உண்டு. வரப்புச் சிலந்தி முட்டைப்பையைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு திரியும். பொரிந்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். குகைச் சிலந்தி முட்டைப்பையை வாயில் கவ்வித் தூக்கிப் போகிறது. ஒரு தடவைக்கு 15 முதல் 30 முட்டைதான், ஆனால் குஞ்சுகள் பெரிதாகவே பொரிகின்றன.

அதன் முக்கிய இரை, இறாலுக்குத் தூரத்து உறவான ஒரு சின்ன உயிர். அதற்கும் கண் கிடையாது. தரைக்கு மேலே நிற்கும் செடிகளின் வேர்கள் குகைக்குள் இறங்கி மக்குகின்றன. அதைத் தின்று அது பிழைக்கிறது. மேலே நிலத்தைத் திருத்திக் கட்டடம் எழுப்பினால் வேரும் போகும், ஈரமும் போகும். அமெரிக்க அரசு 2000-இல் சிலந்தி, அதன் இரை இரண்டையும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஒன்றாகவே சேர்த்தது.