புரதத்தை அழிக்கும் மூலக்கூறில் நடுச்சங்கிலிக்கு என்ன வேலை?

வழக்கமான மருந்து, நோய்க்குக் காரணமான புரதத்தின் குழி ஒன்றில் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுக்கும். விலகியதும் புரதம் பழையபடி இயங்கத் தொடங்கிவிடும். புரோட்டாக் என்ற மூலக்கூறுகள் அந்தப் புரதத்தையே செல்லுக்குள் இல்லாமல் செய்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூஸும் கால்டெக்கின் ரேமண்ட் டெஷேஸும் தங்கள் குழுவினரோடு 2001-இல் முதல் புரோட்டாக்கை அறிவித்தார்கள்.

அழிக்கும் கருவி செல்லிலேயே இருக்கிறது. வேண்டாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை இ3 லைகேஸ் நொதிகள் ஒட்டவைக்கும். அந்த அடையாளம் தெரிந்தால், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியாசோம் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். புரோட்டாக்கின் ஒரு முனை நோய்ப் புரதத்தைப் பிடிக்கிறது, மறுமுனை லைகேஸைப் பிடிக்கிறது. பக்கத்தில் வந்துவிட்டதால் லைகேஸ் அதன் மேலும் யுபிக்விட்டினை ஒட்டிவிடுகிறது.

இரண்டு முனைகளையும் சேர்க்கும் சங்கிலிக்கு லிங்கர் என்று பெயர். முனைகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பல புரோட்டாக்குகளின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது என்பேன். சங்கிலி மிகக் குட்டையாக இருந்தால் இரண்டு புரதங்களும் மோதிக்கொள்ளும், சேரவே முடியாது. மிக நீளமாக இருந்தால் சேரும், ஆனால் யுபிக்விட்டினை ஒட்டுவதற்கு வாகான நிலையில் நிற்காது.

தொடக்கத்தில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் துண்டுகளையோ வெறும் கார்பன் சங்கிலிகளையோ பயன்படுத்தினார்கள். இவற்றின் ஒற்றைப் பிணைப்புகள் எல்லாம் சுழலக்கூடியவை. ஆகவே புரதங்கள் இரண்டும் தமக்கு ஒத்துவரும் நிலையைத் தாமே தேடிக்கொள்ளலாம். இதற்கு அருமையான சான்று, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் அலெசியோ சியுல்லி குழு 2015-இல் வெளியிட்ட எம்இசட்1 என்ற புரோட்டாக். அதன் ஒரு முனையில் இருப்பது ஜேகியூ1 என்ற மூலக்கூறு; அது பிஆர்டி2, பிஆர்டி3, பிஆர்டி4 என்ற ஒன்றுக்கொன்று நெருங்கிய புரதங்கள் மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிடிக்கும். எம்இசட்1-ஆக மாறியதும் முக்கியமாக பிஆர்டி4 அழிந்தது! 2017-இல் வந்த படிக அமைப்பு காரணத்தைக் காட்டியது. சங்கிலி மடங்கிக்கொண்டதால் லைகேஸும் பிஆர்டி4-உம் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தொடுகை பிஆர்டி4-க்கு நன்றாகப் பொருந்துகிறது.

சரி, வளைந்து கொடுப்பது எப்போதும் நல்லதா? இல்லை. ஆடிக்கொண்டிருக்கும் சங்கிலி ஒரே வடிவத்தில் அடங்கும்போது, அதன் சுதந்திரம் குறைவதற்கான விலையைப் பிணைப்பாற்றல் கொடுக்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் போல ஈத்தர் பிணைப்புகள் (கார்பன்களுக்கு நடுவே ஆக்சிஜன்) நிறைந்த சங்கிலியைக் கல்லீரல் நொதிகள் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கவும் கூடும். மறுபக்கம், புரோட்டாக்குகள் பெரும்பாலும் 700 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ளவை. இவ்வளவு பெரிய மூலக்கூறு கொழுப்புச் சவ்வைக் கடக்கும்போது, வளையும் சங்கிலி மடங்கி நீர்விரும்பும் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டால் அது பெரிய உதவி.

அப்புறம் வந்தவர்கள் பைப்பரசின், பைப்பரிடின் வளையங்களை வைத்துச் சங்கிலியை விறைப்பாக்கினார்கள். 2019-இல் மனிதச் சோதனைக்குப் போன, புராஸ்டேட் புற்றுநோய்க்கான வாய்வழி மருந்தான ஏஆர்வி-110 இந்த வழியில் வந்தது. சியுல்லி குழு எம்இசட்1-ஐயே இரண்டாவது சங்கிலியால் வளையமாக மூடியும் பார்த்தது. லைகேஸ் உடன் இல்லாதபோது பிஆர்டி4-ஐப் பிடிக்கும் வலு 12 மடங்கு குறைந்தது. ஆனாலும் செல்லுக்குள் ஏறக்குறைய எம்இசட்1 அளவுக்கே வேலை செய்தது.