சொல் விளக்கம்: ஆக்சுவேட்டர் – இயக்கி

சிங்கப்பூரில் சிலேத்தாரிலும் சாங்கியிலும் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நம்மவர்கள் மோட்டார், ஆக்சுவேட்டர் என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். தமிழில் எழுதும்போது மட்டும் இரண்டுக்கும் 'இயக்கி' என்று போட்டுவிடுகிறோம். இது சரியில்லை.

மோட்டார் மின்சாரத்தைச் சுழற்சியாக்கும் கருவி. கட்டளை வந்ததும் ஒரு பாகத்தை வேண்டிய அளவு நகர்த்தி, அங்கேயே பிடித்து வைக்கும் அமைப்பு ஆக்சுவேட்டர். அதற்குள் மோட்டார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்பவைதான் விமானங்களில் நெடுங்காலமாக அதிகம்.

இரண்டு சொல்லுக்கும் வேர் லத்தீன். நகர்த்துதலைக் குறிக்கும் 'மோவேரே' மோட்டாருக்கு. செய்தல், செலுத்துதல் என்னும் 'ஆகெரே' ஆக்சுவேட்டருக்கு.

தமிழில் இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. இன்னொன்றை இயங்கச் செய்வது இயக்கி. ஆக்சுவேட்டரின் வேலையே அதுதான் என்பதால் இந்தச் சொல்லை அதற்கே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. மோட்டாருக்கு 'மின்னோடி' இருக்கிறது. மோட்டார் என்றே எழுதினாலும் யாருக்கும் புரியும். பழந்தமிழில் இயக்கி ஒரு பெண் தெய்வம் ஆயிற்றே என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தில் ஆயர் மகள் மாதரி பால்மடை (பால் படையல்) கொடுத்துத் திரும்புவது பூங்கண் இயக்கிக்குத்தான். தென்மாவட்டத்து இசக்கியும் அவளே. ஆனால் அந்த 'இயக்கி' யட்சி வழி வந்த வேறு சொல். இடம் பார்த்தால் பொருள் தெரிந்துவிடும்.

பிரித்துச் சொல்வது ஏன் அவசியம் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 விமானம் நல்ல சான்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007 அக்டோபர் 25 அன்று சிட்னிக்கு ஓட்டியதுதான் அதன் முதல் பயணிகள் சேவை. இந்த விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை (திசையை மாற்ற இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளை) அசைக்க 2 எண்ணெய் அழுத்த அமைப்புகளும் 2 மின்சார அமைப்புகளும் உண்டு. மின்சார வகையில் ஒவ்வோர் ஆக்சுவேட்டருக்குள்ளும் ஒரு மோட்டார், சின்ன பம்பு, அதற்கென்று கொஞ்சம் எண்ணெய். மோட்டார் பம்பைச் சுழற்ற, எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். நீண்ட குழாய்க்குப் பதில் மின்கம்பி போனால் போதும். இதைத் தமிழில் 'இயக்கி இயக்கியை இயக்குகிறது' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

போயிங் 787இன் சக்கர பிரேக்கில் எண்ணெயே கிடையாது. மோட்டாரின் சுழற்சியே தட்டுகளை அழுத்தும் விசையாக மாறுகிறது. இதை 'மின்னியக்கி' எனலாம். ஏ380இல் உள்ளதை 'மின்நீர்ம இயக்கி' எனலாம். 'நீரியக்கி' வேண்டாம், உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை.