ஒர்க்ஹவுஸ் என்றால் தர்மசத்திரமா?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கும் கதை. கணவனுக்கு வேலை போகிறது, வாடகை கொடுக்க வழியில்லை, குடும்பத்தோடு 'தர்மசத்திரத்தில்' போய்ச் சேருகிறார்கள். மூலத்தில் இருக்கும் சொல் ஒர்க்ஹவுஸ். இந்த வருடம் மட்டும் மூன்று மொழிபெயர்ப்புகளில் இதே தவறைப் பார்த்துவிட்டேன்.

சொல்லின் பிறப்பு எளிது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பட்டறை என்றுதான் பொருள். ஏழைகளை வைத்து வேலை வாங்கும் இடம் என்ற பொருளில் 1631-இல் ஆபிங்டன் ஊர்ப் பதிவில் வருகிறது. 1834-இன் ஏழையர் சட்டத் திருத்தம்தான் அதைப் பேர் கேட்டாலே நடுங்கும் இடமாக்கியது.

சரி, சத்திரம் என்றால் என்ன? வழிப்போக்கர் வருவார், சாப்பிடுவார், திண்ணையில் படுப்பார், விடிந்ததும் போவார். கட்டியவருக்குப் புண்ணியம். ஒர்க்ஹவுஸைக் கட்டியவர்களோ யாரும் அங்கே வரத் துணியக் கூடாது என்று நினைத்துக் கட்டினார்கள். உள்ளே இருப்பவன் பாடு, வெளியே உழைக்கும் கடைசிக் கூலியாளின் பாட்டைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை. வாசலிலேயே சொந்த உடுப்பை வாங்கிக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் தனியே. அப்புறம் வேலை. தார் ஊறி இறுகிப்போன பழைய கப்பல் கயிற்றை விரலாலேயே இழை இழையாகப் பிரிக்க வேண்டும்; விரல் நுனி கிழிந்து ரத்தம் கசியும். அந்த நாரைக் கப்பல் பலகைகளின் இடுக்கில் அடைப்பார்கள். ஆண்டோவர் ஊரில் உரத்துக்காக எலும்பு இடிக்கவிட்டார்கள். இடித்தவர்கள் பசி தாங்காமல் அந்த அழுகல் எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றது 1845-இல் வெளியே வந்து, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. இதற்கா தர்மம் என்று பெயர்?

சென்னையில் 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஜனங்கள் கஞ்சித்தொட்டி என்றார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்திலும் கஞ்சிதான் ஊற்றினார்கள். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

'பணிமனை' என்று எழுதுகிறவர்கள் பழைய ஆங்கிலப் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். படிப்பவருக்கு பஸ் டிப்போதான் நினைவுக்கு வரும். 'உழைப்பில்லம்' நல்ல தமிழ்தான். ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று பழகிய காதில் அது பராமரிப்பு என்றே விழும். குடும்பத்தை வாசலிலேயே பிரித்த இடத்துக்கு இல்லம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் எழுதுவது 'ஏழையர் வேலைக்கொட்டடி'. கொட்டடி என்றால் சிறையல்லவா, அங்கிருந்து சொல்லிவிட்டு வெளியேற முடியுமே என்று கேட்கலாம். முடியும், ஆனால் குடும்பத் தலைவன் போனால் குடும்பமே வெளியேற வேண்டும், வெளியே அதே பட்டினி. அந்தக் காலத்து ஆங்கில ஏழைகளே அதை 'பாஸ்டீல்' என்று பாரிஸ் சிறையின் பெயரால்தான் அழைத்தார்கள். அடைபட்டவர்கள் வைத்த பெயரைவிட மென்மையான சொல்லை நாம் ஏன் தேட வேண்டும்?

சொல்லை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு பாதியையும் அகராதியில் பார்த்து ஒட்டினாலும் இதே வினைதான். அதே சட்டத்தில் வரும் 'அவுட்டோர் ரிலீஃப்' இப்போது 'வெளிப்புற நிவாரணம்' ஆகியிருக்கிறது. கொட்டடிக்குள் போகாமல் தன் வீட்டில் இருந்தபடியே ஏழை பெற்ற ரொட்டியும் சில்லறையும்தான் அது. 'வீட்டிருப்பு உதவி' என்று எழுதுங்கள், புரியும்.