ஹைக்கிங்: வழிநடை

ஹைக்கிங் என்றதும் மலையேற்றம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஹைக்கிங்குக்கு மலை கட்டாயமில்லை. காடு, புல்வெளி, ஆற்றோரம், கடற்கரை என எந்த இயற்கை வெளியில் நெடுந்தூரம் நடந்தாலும் அது ஹைக்கிங்தான். மூலச்சொல்லான ஹைக், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வட்டார வழக்கிலிருந்து எழுத்துக்கு வந்தது. விறுவிறுவென்று நடப்பது என்று பொருள். பிரிட்டனில் இப்படி நடப்பவரை ரேம்ப்ளர் என்பார்கள். மனம்போன போக்கில் திரிபவர்.

அப்படித் திரிவதற்கு இடம் வேண்டுமே? அங்கேதான் நடப்பவர்களின் சங்கங்கள் வருகின்றன.

இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தைப் பறவை வேட்டைக்காக நிலக்கிழார்கள் அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இளைஞரின் முன்னெடுப்பில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அதன்மேல் நடந்தே ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. அன்றைய நடையர் அமைப்புகளிலேயே பலருக்கு இந்த அத்துமீறல் பிடிக்கவில்லை. ஆனாலும் கோரிக்கை வலுத்தது. 1935இல் ரேம்ப்ளர்ஸ் சங்கம் உருவானது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பாதைகளுக்கும் சட்டம் வந்தது. திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பரவலாகக் கிடைக்க 2000ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் வந்ததோடு வேலை முடியவில்லை. 1949 சட்டத்தின்படி பொதுப் பாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறிய பாதைக்கு அந்த வரைபடமே சாட்சி. ஏறாத பாதைக்காகப் பழைய ஆவணங்களைத் தேடிப் போராட வேண்டும். ஒரு பாதையை மூடவோ திருப்பிவிடவோ உள்ளாட்சி அமைப்பு உத்தரவு கொண்டுவந்தால், சங்கம் ஆட்சேபம் எழுப்பலாம். பூட்டிய கதவு, உழுது அழித்த தடம், முள்வேலி ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் கண்டு புகார் தருகிறார்கள். பெயர் வெளியே தெரியாத இந்த உழைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சுவிட்சர்லாந்து ஒரு படி மேலே போனது. நடைபாதைகளுக்கு 1979இல் அரசியலமைப்பிலேயே இடம் தந்தார்கள். ஒரு பாதை துண்டிக்கப்பட்டாலோ, அதன் நீண்ட பகுதிக்குத் தார் போட்டாலோ, தக்க மாற்றுப் பாதை தர வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நடைபயணம் என்றால் அரசியல் ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. நெடுநடை நல்ல சொல், ஆனால் அது தூரத்தை மட்டும் சொல்கிறது. என் தேர்வு வழிநடை. வழிநடைச் சிந்து என்று ஒரு சிற்றிலக்கிய வகையே நமக்கு உண்டு. பிறர் நிலத்தின் வழியே நடந்துபோகும் உரிமையை நிலப் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம் என்று எழுதுகிறோம். இந்தச் சங்கங்கள் காக்கும் உரிமைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அப்படியே வழிநடையர், வழிநடைச் சங்கம் என்று நீட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத வெளியில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம், நிலம் யாருடையதாக இருந்தாலும். அதை வழிநடைப் பாத்தியம் என்றால் பொருந்தாது. உலவும் உரிமை என்பதே சரி.