ஓடாத வண்டி தேயாதுங்களா?

ரொம்ப நாள் நின்றுபோய், எடுத்து ஓட்டியதும் விபத்தில் சிக்கி என் பட்டறைக்கு வந்த பழைய வண்டிகளில், ஆறு மாதத்தில் இது மூன்றாவது. முதலில் ஒரு அம்பாசிடர். ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டுத் திரும்பும்போது, இறக்கத்தில் பிரேக் பெடல் பலகையைத் தொட்டுவிட்டது. அடுத்து ஒரு ஃபியட் 1100, டயர் வெடித்துச் சாலை நடுத் தடுப்பில் மோதியது. மூன்றாவது போன மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த 1959 மாரிஸ் மைனர். லாரியின் பின்கதவைத் திறக்கும் முன்பே கருகிய பெயிண்ட் நாற்றம் பட்டறைக்குள் வந்துவிட்டது.

தாத்தா வாங்கிய வண்டி. தோட்டத்து ஷெட்டில் 14 வருஷம் கிடந்திருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பை இதில் வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஆசையில் ஒரு தப்பும் இல்லை. டிங்கரிங், பெயிண்ட், சீட், குரோமியம் முலாம் எல்லாம் சேர்த்து இரண்டே கால் லட்சம் ஆகியிருக்கிறது. வேலையும் சுத்தமான வேலை. பெட்ரோல் ஹோஸுக்கு ஆன செலவு மட்டும் பூஜ்யம். கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் ஒத்திகை பார்க்கக் கிளம்பி, மூன்று கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது பானட்டுக்குள் பற்றிக்கொண்டது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். டீக்கடைக்காரர் மணலை அள்ளிக்கொண்டு ஓடிவந்ததால் இன்று நான் இதை ஒரு வண்டிக் கதையாக எழுத முடிகிறது.

ஓனர் நல்ல மனிதர். தலையைக் குனிந்தபடி என்னிடம் கேட்டார்: "ஏனுங்ணா, பதினாலு வருசமா ஷெட்டை விட்டு வெளியவே எடுக்கலீங்களே. ஓடாத வண்டி எப்படிங்க தேயும்?"

இருபத்தெட்டு வருஷமாகப் பழைய வண்டி பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. பழைய வண்டி விற்பவர்களும் இதையேதான் பெருமையாகச் சொல்கிறார்கள்: "ஓட்டவே இல்லைங்க, அப்படியே இருக்கு." அப்படியே இருக்காது சாமி.

உங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருப்பீர்கள். அதை யாரும் இழுக்கவில்லை, தொடக்கூட இல்லை. பத்து வருஷம் கழித்து எடுத்தால் நோட்டோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வரும், அல்லது தொட்டதும் பொடியாக உதிரும். அதே சரக்குதான் உங்கள் பிரேக் ஹோஸிலும் பெட்ரோல் ஹோஸிலும் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷரிலும் டயரிலும் இருக்கிறது. மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். சொல்லப்போனால் வாரம் ஒருமுறை ஓடும் வண்டியில் ஒழுகல் வந்தால் அன்றே கண்ணில் படும், அன்றே மாற்றுவீர்கள். நின்றுபோன வண்டியில் எல்லாம் சேர்ந்து கெட்டுப்போய், நீங்கள் சாவி போடும் நாளுக்காகக் காத்திருக்கும்.

பதினாலு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வெள்ளை மட்டும் அடித்துவிட்டுக் குடிபோவீர்களா? ஓடு பார்ப்பீர்கள், கறையான் பார்ப்பீர்கள், கரண்ட் லைனைப் பார்க்க ஆள் கூப்பிடுவீர்கள். வண்டி என்று வந்தால் மட்டும் பெயிண்ட் முதலில் வருகிறது. பட்டறைக்குக் கடைசியில்தான் வருவீர்கள், அதுவும் "சும்மா ஒரு தடவை பார்த்துடுங்ணா" என்று.

மைனரில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், சுடுபுகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் மேலே, மேனிஃபோல்ட் கீழே. மேலே பெட்ரோல் ஒழுகினால் கீழே என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பங்கில் ஊற்றுவதும் தாத்தா காலத்துப் பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஊறும், உப்பும், வெடிப்பு விடும். இன்னும் பழைய வண்டிகள் சிலவற்றில் கார்புரேட்டர் மிதவை தக்கையில் செய்து அரக்கு பூசியது. அரக்கு எதில் கரையும் என்று மர ஆசாரியைக் கேளுங்கள். அவர் பாலிஷ் கலக்குவதே ஸ்பிரிட்டில்தான். போதாததற்கு எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும். வண்டி நின்றால் டேங்குக்கு அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடையில் கிடைக்கிறது, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும். இந்த மைனரில் ஒரு இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் டியூப். கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி. யார் போட்டது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிரேக் இதைவிட மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிதான் கணக்கு. மலை இறக்கத்தில் அந்தச் சூடு வர எத்தனை வளைவு வேண்டும்? கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் சும்மா உள்ளே போகும். அதே ஈரம் சிலிண்டரையும் உள்ளே துருப்பிடிக்க வைக்கும். இந்த வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்தில் வாஷர் கிழிந்தால் நாலும் போச்சு. ஷெட்டுக்குள் மெதுவாக மிதித்துப் பார்த்துவிட்டு "பிரேக் நல்லா பிடிக்குதுங்க" என்பார்கள். ஆத்திர அவசரத்துக்கு அழுத்தி மிதிக்கும்போதுதான் அந்த வாஷரின் வண்டவாளம் தெரியும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் டிரைவர் காலடியில், தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விரிப்பை எடுத்து மூடியைக் கழற்றினால்தான் ஆயில் அளவு தெரியும். புது விரிப்பை ஒட்டி வைத்திருந்தார்கள், யாரும் தூக்கவே இல்லை. ஆயில் குறைந்தால் எஞ்சின் ஆயிலை ஊற்றும் மகானுபாவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் அத்தனையும் உப்பிவிடும். தயவு செய்து வேண்டாம்.

(பிரேக் டிரம்மைக் கழற்றினால் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடிக்காதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். என் குருநாதர் ஊதித்தான் பழகினார். கடைசிக் காலத்தில் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.)

டயருக்கு வருகிறேன். "பட்டன் முழுசா இருக்குங்க" என்று நகத்தால் காட்டுகிறீர்கள். ஓடாத டயரில் பட்டன் எப்படித் தேயும்? டயரின் பக்கச்சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2311 என்றால் 2011ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தியது, கோயில் வாசலில் வைத்துக் கும்பிடலாம், ஓட்டக்கூடாது. பத்து வருஷம் தாண்டிய டயரை என் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை. சண்டை போட்டவர்கள் உண்டு.

இன்னொன்று மைனர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். முன்சக்கரம் திரும்புவது ட்ரன்னியன் என்ற மரையுள்ள இணைப்பில். கிரீஸ் காணாமல் காய்ந்து தேய்ந்தால், வண்டியை நிறுத்தத் திருப்பும்போது சக்கரம் மடங்கி உள்ளே படுத்துவிடும். மைனரை வடிவமைத்த இஸிகோனிஸ் எவ்வளவு அழகாகச் செய்த வண்டி! 1948இல் வெளிவரும் முன் கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நடுவில் அறுத்து நாலு அங்குலம் அகலப்படுத்தினார்; பானட் நடுவில் ஓடும் அந்தப் பட்டை அதன் தழும்புதான். இதையெல்லாம் பேத்திக்குச் சொல்கிறீர்கள், சந்தோஷம். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், "அந்தக் காலத்து இரும்புங்க, இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது." அமெரிக்காவில் 2009இல் 1959 மாடல் செவ்ரோலெட் பெல் ஏரையும் 2009 மாடல் மாலிபுவையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புது வண்டியின் பொம்மை டிரைவருக்குக் காலில் அடி. பழைய வண்டிக்காரர் பிழைத்திருக்க மாட்டார். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

"மேட்டுப்பாளையத்துல நீராவி ரயிலே ஓடுதுங்களே" என்று ஒரு தம்பி மடக்கினார். ஓடுகிறது. பின்னால் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை என்ற ஒன்று இருப்பதால் ஓடுகிறது. அவர்கள் மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 1855இல் செய்த ஃபேரி குயின் என்ற நீராவி எஞ்சின் 1909இல் ஓய்ந்து, 1997இல்தான் மறுபடி ஓடியது. அதைப் பெயிண்ட் அடித்தா ஓட்டினார்கள்? சக்கரம், கொதிகலன், குழாய் என்று வேலை பார்த்த பிறகுதான் நெருப்பே மூட்டினார்கள். நீங்கள் ஷெட் கதவைத் திறந்ததும் செல்ஃப் அடிக்கிறீர்கள்.

அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். "ஒரே செல்ஃபுல புடிச்சுக்கிச்சுங்ணா" என்று வீடியோ அனுப்பும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பிஸ்டன் ரிங் துருவேறிச் சிலிண்டரில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு செல்ஃபில் உடையும். பிளக்கைக் கழற்றுங்கள், ஓட்டைக்கு இரண்டு ஸ்பூன் ஆயில் விடுங்கள், ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் பிளக் போடாமலே ஹேண்டிலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பிளக் போட்டு ஹேண்டில் அடிப்பவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். திருப்பி அடித்தால் மணிக்கட்டு போகும். பேட்டரி கட்டும் முன் எர்த் எது என்று பாருங்கள், மைனரில் பாசிட்டிவ்தான் எர்த். வழக்கப்படி நெகட்டிவைப் பாடியில் கட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணி சுற்றிய பழைய வயர் எலிக்கு ரொம்பப் பிடிக்கும். பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச், கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான், இரண்டும் இல்லாமல் ரோட்டுக்கு வராதீர்கள். தீப்பிடித்தால் பானட்டை அகலத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். லேசாகத் தூக்கி இடுக்கு வழியாக அடியுங்கள். முதலில் குழந்தைகளை இறக்குங்கள்.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021 விதிப்படி 'வி.ஏ.' எழுத்துகளோடு பழமை வண்டியாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் ஊர்வலம், கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டமும் வாடகைக் கல்யாணமும் கூடாது.

மைனர் இப்போது என் பட்டறை மூலையில் மரக்கட்டை மேல் நிற்கிறது. ஹோஸ், வாஷர், டயர், வயர் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் கொடுத்தேன், பெயிண்டுக்கு ஆனதில் கால்வாசிகூட வரவில்லை. மாப்பிள்ளை அழைப்பு வேறு காரில் நடந்தது. போன ஞாயிறு அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பானட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். மொதல்ல பிரேக்கைப் பாருங்க" என்றது அந்தப் பெண். மறுநாள் காலை நாலு டிரம்மையும் கழற்றினேன். மூன்று வீல் சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது.