அப்பாவின் வெள்ளை வேட்டியும் சில்வர் தகடும்: மெட்டல் பிரிண்ட்டுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் முன்

அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நிற்கும் படமா? அதைச் சில்வர் தகட்டில், அதாவது வெள்ளைப் பூச்சு இல்லாத அலுமினியத் தகட்டில், அச்சடிக்கச் சொல்லாதீர்கள். கடையில் சாம்பிளுக்கு மாட்டியிருக்கும் கடற்கரைப் படம் எவ்வளவு தகதகத்தாலும் சரி. பிரிண்டிங் லேப் நடத்துகிறவன் என்ற முறையில் ஆர்டர் எடுக்கும்போது நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பது இதைத்தான். வருகிறவர்கள் முதலில் அளவைக் கேட்கிறார்கள், அடுத்து விலையை. படத்தைக் கடைசியாகத்தான் காட்டுகிறார்கள். உண்மையில் படத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியும்.

மெட்டல் பிரிண்ட் என்று நாங்கள் செய்வது சப்ளிமேஷன் முறை. படத்தை இடவலம் திருப்பி ஒரு தாளில் அச்சிட்டு, பாலியெஸ்டர் பூச்சு உள்ள அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவோம். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கித் தங்கிவிடும். இதில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக உள்ள இடத்தில் சாயம் எதுவும் இறங்காது, அடியில் இருப்பதுதான் தெரியும். தகட்டில் ஏற்கெனவே வெள்ளைப் பூச்சு இருந்தால் வெள்ளை வெள்ளையாக வரும். அது இல்லாத தகட்டைத்தான் சில்வர் என்கிறோம். அதில் வேட்டி அலுமினியமாகிவிடும். நரைத்த மீசையும் கண்ணின் வெண்மையும் அதோடு போகும். முகத்தின் நிறமும் மங்கி, நோயில் படுத்து எழுந்தவர் போல் ஆகிவிடுவார். படத்திறப்புக்கு அப்படி ஒரு படத்தை எந்த வீட்டுக்கும் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

சில்வருக்கு ஏற்றவை, இயல்பிலேயே மினுங்கும் பொருள்கள் உள்ள படங்கள். மழை நின்ற இரவுச் சாலை, தனுஷ்கோடியில் விடியற்காலைக் கடல், புல்லட்டின் எஞ்சின், ரயில் தண்டவாளம். தாராசுரம் கோயில் தூண்களைப் பக்கவெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாக எடுத்திருந்தால் அதுவும் அருமையாக வரும். கல்யாணப் படத்தில் பட்டு ஜரிகை மின்னுமே என்று கேட்பார்கள். மின்னும்தான், ஆனால் படத்தில் நாம் பார்க்கப்போவது முகத்தை. மனிதர்கள் இருந்தால் வெள்ளைப் பூச்சுத் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளாஸியா (பளபளப்பு) மேட்டா (பளபளப்பு இல்லாதது) என்பது மாட்டப்போகும் இடத்தைப் பொறுத்தது. எதிரே ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்தால் கிளாஸியில் அம்மா முகத்துக்குப் பதில் ஜன்னல் கம்பிதான் தெரியும். அங்கே மேட் போதும்.

கொடைக்கானல் பனிமூட்டம் மாதிரியான மெல்லிய, வெளிறிய படங்களுக்கு மெட்டலே வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல மேட் தாளில் அவை அழகாக வரும், செலவும் குறைவு. எங்களுக்கு லாபமும் குறைவுதான், இருக்கட்டும்.

அடுத்தது ஃபைல். இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குடும்ப குரூப்பில் வந்த வாட்ஸ்அப் படத்தை அப்படியே அனுப்பிவிட்டு, ‘ஹாலுக்குப் பெரிசா போடுங்க’ என்பார்கள். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கி, நீளப் பக்கமே பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். ஹாலில் ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இன்ச்சுக்கு 150 பிக்சலாவது வேண்டும் என்று கணக்கு வைத்தால், 1600 பிக்சல் பத்தரை இன்ச் நீளத்துக்குத்தான் தாங்கும். அதை மூன்றடிக்கு இழுப்பது மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி. எடுத்தவரிடமே கேட்டு, அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசல் ஃபைல் சுருங்காமல் வரும். கல்யாணப் படம் என்றால் ஆல்பம் பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் ஸ்டுடியோவில் தனிப்படத்தின் ஒரிஜினலைக் கேளுங்கள். அதையும் சீக்கிரம் கேளுங்கள், எல்லா ஸ்டுடியோவும் ஹார்ட் டிஸ்க்கை வருடக்கணக்கில் வைத்திருப்பதில்லை.

போனில் 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பெரும்பாலான போன்கள் பல பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் அளவில்தான் சேமிக்கும், அதாவது சுமார் 4000-க்கு 3000. கவலைப்பட ஒன்றுமில்லை. நல்ல வெளிச்சத்தில், ஜூம் போடாமல் எடுத்திருந்தால் இரண்டடி நீளத்துக்கு அது தாராளம். எனக்குப் பயம் போர்ட்ரெய்ட் மோடின் மேல். போன் பின்னணியை மங்கலாக்கும்போது தலைமுடி ஓரத்தையும் மல்லிகைச் சரத்தின் நுனியையும் கடித்து வைத்திருக்கும். போன் திரையில் அது தெரியாது, 24 இன்ச் தகட்டில் அப்பட்டமாகத் தெரியும். பியூட்டி ஃபில்டரும் அப்படித்தான், மெட்டலில் தோல் பிளாஸ்டிக்காகிவிடும். அனுப்பும் முன் படத்தை விரலால் பெரிதாக்கி, கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொன்று, திரையின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்தும் ஒருமுறை பாருங்கள். திரை தானாக ஒளிரும், தகடு ஒளிராது. பாதி வெளிச்சத்தில் இருட்டாகத் தெரிகிற முகம் சுவரிலும் இருட்டாகத்தான் இருக்கும்.

சின்ன ஃபைலை ஏஐ வைத்துப் பெரிதாக்கித் தருகிறோம் என்று சொல்கிற கடைகள் இப்போது நிறைய. பாறை, மரம், கோபுரம் என்றால் பரவாயில்லை. முகம் என்றால் அந்த மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறது. வெளியாளுக்குத் தெரியாது, வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். ‘எங்கப்பா சாயல் இருக்குண்ணே, ஆனா எங்கப்பா இல்ல’ என்று ஒரு தம்பி சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருப்பது சின்னப் படம்தான் என்றால் 8-க்கு 10 இன்ச்சில் தெளிவாகப் போடுவது மேல்.

பழைய தாள் படங்களை போனில் படமெடுத்து அனுப்பாமல் நேரில் கொண்டுவாருங்கள். 4-க்கு 6 இன்ச் படத்தை 600 டிபிஐ-யில் (இன்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும். படம் கூர்மையாக இருந்தால் 12-க்கு 18 வரை போகலாம். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் வீட்டில் உரிக்கவே உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃப்ரேமோடு கொண்டுவந்தால் கண்ணாடி வழியாகவே கேமராவில் எடுத்துவிடலாம். சொரசொரப்பான தாளில் போட்ட பழைய ஸ்டுடியோ படங்களில் ஸ்கேன் செய்யும்போது புள்ளிக்கோலம் போல ஒரு வலை தெரியும். அதை ஓரளவுதான் எடுக்க முடியும். அவற்றுக்கு மேட் தகடு, சின்ன அளவு.

போன் படம் 4-க்கு 3 விகிதம். 12-க்கு 18, 20-க்கு 30 இன்ச் தகடுகளோ 3-க்கு 2 விகிதம். அதனால் படுக்கை வாட்டப் படத்தில் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கோபுரக் கலசமோ கொலுசுக் காலோ போகக்கூடாது என்றால் 12-க்கு 16 கேளுங்கள். ஃப்ரேம் இல்லாமல் ஓரம்வரை அச்சாவதால், யாருடைய தோளும் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் இருப்பது நல்லது.

விலை குறைவாகச் சொல்லும் இடத்தில் என்ன முறை என்று கேட்டுவிடுங்கள். ஏசிபி ஷீட்டில் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) வினைல் ஸ்டிக்கர் ஒட்டியதையும் மெட்டல் பிரிண்ட் என்றே விற்கிறார்கள். ஓரத்தில் நகத்தை வைத்தால் ஸ்டிக்கர் தூக்கும். யுவி பிரிண்ட் (மையை நேரடியாகத் தகட்டின் மேல் அச்சிட்டு, புற ஊதா ஒளியில் உலர்த்துவது) என்றால் விரலால் தடவும்போது மை மேடாகத் தட்டுப்படும். யுவி மட்டமான முறை அல்ல. அதில் வெள்ளை மை உண்டு, மேலே சொன்ன வேட்டிப் பிரச்சினையே வராது. ஆனால் படம் மேற்பரப்பில் இருப்பதால் கீறல் படும். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

மாட்டும்போது நேர்வெயில் விழும் சுவரைத் தவிருங்கள், எந்தச் சாயமும் வெயிலில் வெளுக்கும். சந்தனம், குங்குமம் வைப்பதென்றால் தாராளமாக வைக்கலாம். காய்ந்த சந்தனத்தை நகத்தாலோ பாத்திரம் தேய்க்கும் நாராலோ சுரண்டாமல், ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே வைத்து ஊறிய பிறகு துடைத்தால் தானாக வந்துவிடும்.